பளபளப்பு என்ற பெயரில் தேய்ந்துபோகும் கார்கள்

இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்களைப் பொறுத்தவரை அந்தத் தடை 2025 பெப்ரவரியிலேயே நீக்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்து வருடங்களாக புதிய கார்கள் வராத ஒரு நாட்டில், இருந்த கார்களே திரும்பத் திரும்பக் கைமாறி ஓடவேண்டியிருந்தன. தடை நீங்கிய பிறகும் வரிகளின் சுமை காரணமாக நடுத்தர வர்க்கக் குடும்பங்களுக்கு புதிய கார் எட்டாக்கனியாகவே இருக்கிறது. பத்துப் பதினைந்து வருடங்கள் ஓடிய ஒரு சிறிய காரும்கூட இன்று பல குடும்பங்களின் ஆயுட்காலச் சேமிப்பு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் வாங்கியதாக அது இருக்கலாம். அல்லது ஓய்வூதியக் கொடுப்பனவில் வாங்கியதாக இருக்கலாம்.

அத்தகைய சொத்தை நாம் பராமரிக்கின்ற முறை பற்றி சில விடயங்களை வெளிப்படையாகவே பேசவேண்டியிருக்கிறது. கார்களின் வர்ணப்பூச்சில் காணப்படும் கீறல்களில் பெரும்பாலானவை விபத்துக்களினால் வந்தவையல்ல. வேலியில் உரசியதால் வந்தவையுமல்ல. காரைச் சுத்தம் செய்கிறோம் என்று நம்பிக்கொண்டு நாமே தினமும் போடுகின்ற கீறல்கள் அவை. பிறகு அந்தக் கீறல்களைப் போக்குவதற்கென்று பணம் கொடுத்து எஞ்சியிருக்கும் பூச்சையும் தேய்த்தெடுக்கச் செய்கிறோம். இதற்கு நாம் சூட்டியிருக்கும் பெயர் 'கட் அன்ட் பொலிஷ்'.

காலை வேளையில் கொழும்பின் எந்தவொரு குடியிருப்பு வீதியிலும் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. அலுவலகத்துக்குப் புறப்படுவதற்கு முன்னர் காரின் மேல் படிந்திருக்கும் தூசை உலர்ந்த துணியினால் அல்லது இறகுத் துடைப்பானினால் ஒருவர் விறுவிறு என்று துடைத்துக்கொண்டிருப்பார். துணி பெரும்பாலும் பழைய பெனியனாக இருக்கும். அல்லது கிழிந்த சாரத்தின் ஒரு துண்டாக இருக்கும். இரண்டு நிமிடங்களில் கார் 'துப்புரவாகி' விடும். காரின் மீது அன்றாடம் இழைக்கப்படும் மிகப்பெரிய அநியாயம் இந்த இரண்டு நிமிட வேலையே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எமது மண்ணில் பெருமளவில் கலந்திருப்பது குவாட்ஸ் என்ற படிகக்கல்லின் நுண்துகள்கள். வடமராட்சியில் அம்பன், வல்லிபுரம் பகுதிகளிலும் வடமேல் மாகாணத்தில் நாத்தாண்டியா, மாரவில பகுதிகளிலும் கண்ணாடி செய்வதற்கு உகந்த சிலிக்கா மணல் கிடைக்கிறது என்று பாடசாலையில் படித்திருப்போம். அதுவும் இதே குவாட்ஸ்தான். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் வைரத்துக்கு 10 என்றால் குவாட்ஸுக்கு 7. சாதாரண உருக்குக் கத்தியின் கடினம் அந்த அளவுகோலில் 5½ அளவிலேயே நிற்கிறது. உருக்கையே கீறக்கூடிய துகளை, அதைவிட எவ்வளவோ மென்மையான பூச்சின் மீது துணியால் அழுத்தித் தேய்த்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

நடப்பது இதுதான். வெயிலில் அல்லது இரவு நேரத்தில் தெருவிளக்கின் கீழ் ஒரு கறுப்புக் காரைப் பாருங்கள். வெளிச்சம் விழும் இடத்தைச் சுற்றி சிலந்திவலை போன்று வட்டவட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும். உண்மையில் அவை வட்டமான கீறல்களல்ல. எல்லாத் திசைகளிலும் ஓடுகின்ற ஆயிரக்கணக்கான நுண்கீறல்களில், வெளிச்சத்தைச் சுற்றி அமைந்தவை மாத்திரம் ஒளியை எமது கண்ணுக்குத் திருப்பியனுப்புகின்றன. வெள்ளைக் காரிலும் வெள்ளி நிறக் காரிலும் அதேயளவு கீறல்கள் இருக்கலாம். கண்ணுக்கு இலகுவில் அகப்படுவதில்லை என்பதே வித்தியாசம்.

தூசு படிந்த கார் பார்வைக்கு அழகில்லைதான். ஆனால், படிந்த தூசு படிந்தபடியே கிடக்குமானால் பூச்சுக்கு அது பெரிய தீங்கு எதையும் செய்துவிடுவதில்லை. அதை உலர்ந்த துணியால் தேய்க்கும்போதே அது அரத்தாளாக மாறுகிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவ வசதியில்லாத நாளில் காரைத் தூசோடு விட்டுவிடுவதே அறிவுடைமை. அயலவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதற்காகச் சொந்தச் சொத்தைக் கீறிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

'எங்கள் அப்பாக்களும் இப்படித்தான் செய்தார்கள், அவர்களுடைய கார்கள் பளபளவென்றுதானே இருந்தன' என்று சிலர் வாதிடக்கூடும். அதற்கும் பதில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வீதிகளில் பல தசாப்தங்களாக ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற கார்களை எமது தலைமுறையினர் மறந்திருக்கமாட்டார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைச் சில துளிகள் காட்டி இயக்கி மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் அவை. அந்தக் கார்களின் வர்ணப்பூச்சு வேறு வகையானது. நிறமும் மினுக்கமும் ஒரே பூச்சிலேயே அடங்கியிருந்தன. வெயிலில் அதன் மேற்பரப்பு வெளிறி, சுண்ணாம்பு போல் பொடிந்துபோகும். அந்தப் பொடிந்த படையைத் தேய்த்து நீக்கினால் உள்ளிருந்து புது நிறம் வெளிப்படும். தேய்த்த துணியில் காரின் நிறம் ஒட்டிக்கொள்வதை அக்காலத்தில் எல்லோரும் கண்டிருப்பார்கள். இடையிடையே தேய்த்து மெருகேற்றுவது அந்தப் பூச்சுக்குப் பொருத்தமான வைத்தியமாகவே இருந்தது.

1980களில் இருந்து உலகெங்கும் கார் உற்பத்தியில் வேறொரு முறை பரவலானது. உலோகத் தகட்டின் மீது துருத்தடுப்புப் படை, அதன் மேல் அடிப்பூச்சு, அதன் மேல் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலாக நிறமேயற்ற ஒரு தெளிபூச்சு. இன்றைய காரின் மினுக்கம் முழுவதும் இந்தத் தெளிபூச்சில்தான் இருக்கிறது. வெயிலின் புறஊதாக் கதிர்களில் இருந்து கீழேயுள்ள நிறத்தைக் காப்பாற்றும் இரசாயனப் பொருட்களும் அதற்குள்ளேயே கலக்கப்பட்டிருக்கின்றன. அதன் தடிப்பு பொதுவாக 40 தொடக்கம் 50 மைக்ரோன்கள் மாத்திரமே. ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன். நீங்கள் கடிதம் எழுதும் சாதாரண வெள்ளைத்தாளின் தடிப்பு சுமார் 100 மைக்ரோன்கள். அதாவது, காரின் அழகும் காப்பும் தாளின் பாதித் தடிப்பில் தங்கியிருக்கின்றன.

இப்போது 'கட் அன்ட் பொலிஷ்' என்றால் என்ன என்று சிந்தித்துப் பார்க்கவேண்டும். கொம்பவுண்ட் என்ற பசையில் இருப்பது அலுமினியம் ஒட்சைட்டு போன்ற அராவும் துகள்கள். கீறலை அது நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரையில் சுற்றியுள்ள பூச்சு முழுவதையும் அராவித் தாழ்த்துகிறது. சுற்றுப்புறம் தாழ்ந்ததும் கீறல் இல்லாமல் போகிறது. கடுமையாகச் செய்யப்படும் ஒவ்வொரு தடவையும் சில மைக்ரோன்கள் திரும்பி வராமலே போய்விடுகின்றன. தலைமுடியை மழித்தால் வளரும், தெளிபூச்சு வளர்வதில்லை. வருடத்துக்கு இரண்டு தடவைகள், பண்டிகைக்கு ஒருமுறை, விற்பதற்கு முன்னர் ஒருமுறை என்று தேய்த்துக்கொண்டே போனால் ஒரு நாள் போனட்டிலும் கூரையிலும் வெள்ளைத் திட்டுக்கள் தோன்றி, தோல் உரிவதுபோல பூச்சு உரியத் தொடங்கும். அதற்குப் பிறகு எந்தப் பொலிஷும் உதவாது. மீண்டும் பெயின்ற் அடிப்பதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை.

இதைவிட மோசமான இன்னொரு விடயமும் இருக்கிறது. தேய்த்து முடித்த அன்று கண்ணாடி போல ஜொலித்த கார், நான்கைந்து தடவைகள் கழுவிய பிறகு பழைய கோலத்துக்கே திரும்பிவிட்டது என்று பலரும் முறையிடுவதைக் கேட்டிருப்பீர்கள். கீறல்களை நீக்காமல், எண்ணெயும் மெழுகும் கலந்த நிரப்பியினால் அவற்றை அடைத்து மறைத்துவிடுவதன் விளைவு அது. நிரப்பி கரைந்ததும் கீறல்கள் முகத்தைக் காட்டும். இதை அலங்காரம் என்று அறிந்துகொண்டு செய்தால் குற்றமில்லை. ஆனால், பழைய கார் ஒன்றை விற்பதற்கு முதல் நாள் இதைச் செய்து 'ஒறிஜினல் பெயின்ற், கீறலே இல்லை' என்று சொல்வது ஏமாற்றுவேலை. வாங்க நினைப்பவர்கள் பகல் வெளிச்சத்தில், கழுவிய காரைப் பார்ப்பது நல்லது. ஐசோபுறொப்பைல் அல்ககோலை நீரில் கலந்து சிறிய இடமொன்றில் மெதுவாகத் துடைத்துப் பார்க்க உரிமையாளர் சம்மதித்தால், எண்ணெய்ப் பூச்சின் கதை அங்கேயே வெளிவந்துவிடும். சம்மதிக்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

இங்கு சேர்விஸ் நிலையங்களில் வேலை செய்யும் இளைஞர்கள் மீது குற்றஞ்சாட்டுவது எனது நோக்கமல்ல. வரிசையில் காத்துநிற்கும் கார்களை நிமிடக் கணக்கில் முடித்து அனுப்பவேண்டிய நெருக்கடியில் அவர்கள் நிற்கிறார்கள். சில்லைத் தேய்த்த தூரிகையே கதவுக்கும் வருகிறது. நிலத்தில் விழுந்த பஞ்சு கழுவப்படாமலே போனட்டுக்குப் போகிறது. ஒரே வாளித் தண்ணீரில் பத்துக் கார்களின் மண் சேர்கிறது. அவர்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுக்காத, சுத்தமான துணிகளை வாங்கிக் கொடுக்காத முதலாளிமாரும், பத்து நிமிடங்களில் வேலை முடியவேண்டும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்ற நாங்களும்தான் பொறுப்பாளிகள். மலிவாகவும் விரைவாகவும் வேண்டும், கீறலும் விழக்கூடாது என்று கேட்பதில் நியாயம் இல்லை.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? பெரிய செலவு எதுவும் தேவையில்லை. இரண்டு வாளிகள், நல்ல மைக்ரோபைபர் துணிகள் சில, காருக்கென்று தயாரிக்கப்பட்ட ஷம்பூ, கொஞ்சம் பொறுமை.

காரை நிழலில் நிறுத்தி, தகடு ஆறிய பின்னரே தொடங்கவேண்டும். சூடான தகட்டில் ஷம்பூ உலர்ந்து கறைகளை விட்டுச்செல்லும். முதலில் சில்லுகளை வேறாக ஒரு துணியும் வாளியும் வைத்துக் கழுவி முடித்துவிடவேண்டும். பிரேக்கில் இருந்து உதிரும் இரும்புத்தூள் அங்கேதான் அதிகம். அந்தத் துணி காரின் உடலுக்கு ஒருபோதும் வரக்கூடாது. அடுத்து கை வைக்காமல் தண்ணீரை மாத்திரம் தாராளமாகப் பீய்ச்சி, தளர்ந்த மண் முழுவதையும் ஓடவிடவேண்டும். கீறல் விழாமல் தடுப்பதில் பாதி வேலை இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. பிறகு ஒரு வாளியில் ஷம்பூ நீர், மறு வாளியில் வெறும் நீர். துணியை ஷம்பூவில் தோய்த்து கூரையில் இருந்து கீழ்நோக்கி, அழுத்தாமல், நேர்கோட்டில் கழுவவேண்டும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் துணியை வெறும் நீரில் அலசி மண்ணை விட்டுவிட்டே மீண்டும் ஷம்பூவுக்குப் போகவேண்டும். கதவுகளின் கீழ்ப்பகுதியும் பம்பரும் கடைசியில். துடைக்கும்போது தேய்க்காமல், பெரிய மைக்ரோபைபர் துவாயை விரித்துவைத்து ஈரத்தை ஒற்றி எடுத்தால் போதும். துணி நிலத்தில் விழுந்தால் அதைக் கழுவும் வரை ஒதுக்கி வைக்கவேண்டும்.

சலவைத்தூளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. அது உடுப்பில் உள்ள அழுக்கை எடுப்பதற்காகத் தயாரிக்கப்பட்ட காரத்தன்மையுள்ள பொருள். பூச்சின் மேல் இருக்கும் மெழுகையும் சேர்த்தே எடுத்துவிடும். பாத்திரம் கழுவும் திரவமும் அப்படியே. மெழுகுப் படை இல்லாத பூச்சில் துணி வழுக்காது. வழுக்காத இடத்தில் கீறல் இலகுவாக விழும்.

யாழ்ப்பாணத்து வாசகர்கள் கூடுதலாகக் கவனிக்கவேண்டிய விடயம் தண்ணீர். சுண்ணக்கல்லின் ஊடாக ஊறிவரும் எமது கிணற்றுநீர் வன்னீர். காரில் அதை உலரவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் தங்கிவிடும். அந்தப் புள்ளிகளை நகத்தாலும் தும்பாலும் சுரண்டுவது கீறலில்தான் முடியும். கழுவியவுடன் ஒற்றி எடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை. ஏற்கெனவே படிந்திருந்தால் நீர் கலந்த வினாகிரியை துணியில் நனைத்துச் சிறிது நேரம் வைத்துவிட்டு, நன்றாக நீரூற்றிக் கழுவலாம். அதேவேளை, குடாநாட்டு மக்கள் நிலத்தடி நீரையே நம்பி வாழ்கிறார்கள் என்பதையும் மறக்கலாகாது. குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு அரைமணி நேரம் கார் கழுவுவது சுத்தத்தின் அடையாளம் அல்ல.

தூசு காத்திருக்கும் என்று சொன்னேன். காத்திருக்க முடியாதவையும் உண்டு. பறவைகளின் எச்சமும் கடற்காற்றின் உப்பும் மரப்பாலும் அவ்வகையானவை. எச்சத்தில் இருக்கும் அமிலம் ஒருபுறமிருக்க, வெயிலில் மென்மையாகும் தெளிபூச்சு உலர்ந்து இறுகும் எச்சத்தின் அடியில் வடுப்பட்டுவிடுகிறது. காகம் எச்சமிட்டதைக் கண்டவுடன் கிடைத்த காகிதத்தால் அழுத்தித் துடைப்பவர்கள் வடுவுக்குப் பதிலாகக் கீறலை வாங்கிக்கொள்கிறார்கள். நனைந்த துணியை அதன் மேல் சில நிமிடங்கள் போட்டுவைத்து, ஊறிய பின்னர் மெதுவாகத் தூக்கி எடுப்பதே முறை.

புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் எம்மவர்களுக்கும் இந்தப் பிரச்சினை வேறு வடிவத்தில் இருக்கிறது. ரொறன்ரோவில் பனியை அகற்றும் தூரிகையால் கண்ணாடியை மாத்திரமல்ல, கூரையையும் போனட்டையும் சுரண்டுபவர்கள் அநேகர். அந்தத் தூரிகையில் சிக்கிய வீதி உப்பும் மணலும் செய்யும் வேலை வசந்தகால வெயில் வந்ததும் தெரியும். ஜேர்மனியின் பல நகரங்களில் கழிவுநீர் மண்ணில் கலக்கக்கூடாது என்பதற்காக வீட்டு முற்றத்திலோ வீதியிலோ கார் கழுவத் தடை இருக்கிறது. அங்கு பலர் சுழல் தூரிகைகள் கொண்ட இயந்திரக் கூடங்களையே நாடுகிறார்கள். முன்னே போன காரின் மண் அந்தத் தூரிகையில் இருந்தால் அது உங்கள் காருக்கு வரும். நாணயம் போட்டு நீர்த்தாரையால் தானே கழுவிக்கொள்ளும் கூடங்கள் இருக்கும் இடத்தில் அவற்றைத் தெரிவு செய்வது மேல்.

இறுதியாக, இப்போது பெருஞ்செலவில் விற்கப்படும் செரமிக் கோட்டிங் பற்றியும் சொல்லவேண்டும். '9எச் கடினம்' என்று விளம்பரங்களில் பெரிதாகப் போடுகிறார்கள். வைரத்துக்கு 10, இதற்கு 9 என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொள்கிறார். விற்பவரும் அந்த நினைப்பைத் திருத்துவதில்லை. அந்த 9எச் மோ அளவுகோலைச் சேர்ந்தது அல்ல. பென்சில் முனைகளின் கடினத்தைக் கொண்டு பூச்சுக்களைச் சோதிக்கும் வேறோர் அளவு அது. 9எச் பென்சிலால் கீற முடியவில்லை என்பதே அதன் பொருள். மணலால் கீற முடியாது என்று அதற்கு அர்த்தமில்லை. நீர் வழிந்தோடுவதற்கும் அழுக்கு இலகுவாகக் கழன்றுபோவதற்கும் அந்தப் பூச்சு உதவுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால், அதைப் பூசிய அடுத்த நாளே உலர்ந்த துணியால் தூசு துடைக்கும் ஒருவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. பிரேசில் நாட்டுப் பனை இலையில் இருந்து எடுக்கப்படும் கார்ணுபா மெழுகு எமது வெயிலில் அதிக காலம் நிலைக்காது என்றாலும், சில வாரங்களுக்கு ஒருமுறை சொந்தக் கையால் பூசுபவரின் கார் அதைவிட நன்றாகவே இருக்கும்.

பொலிஷ் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில வேளைகளில் அது அவசியம். அப்போது பூச்சின் தடிப்பை அளக்கும் கருவி வைத்திருக்கிறாரா என்று தொழில் செய்பவரிடம் கேளுங்கள். காரின் ஒரு சிறிய இடத்தில் மிக மென்மையான பசையைக் கொண்டு முதலில் சோதித்துப் பார்த்து, அது போதாதபோது மட்டுமே அடுத்ததற்குப் போகும்படி சொல்லுங்கள். வளைவுகளிலும் விளிம்புகளிலும் பூச்சு மெல்லியது. ஒரே திசையில் வேகமாகச் சுழலும் இயந்திரம் அங்கு சில நொடிகள் நின்றாலே நிறம் வரை போய்விடும். ஆழமான கீறல் ஒன்றை முற்றாக இல்லாமல் செய்வதைவிட அதனோடு வாழப் பழகிக்கொள்வது பல சந்தர்ப்பங்களில் இலாபகரமானது. நகம் தடக்கும் அளவுக்கு ஆழமான கீறல் பொதுவாக பொலிஷினால் போகக்கூடியதல்ல. அதைப் போக்கித்தருவதாக உறுதியளிப்பவரை நம்பாதீர்கள்.

கார் ஒரு உயிரற்ற பொருள், அதற்கு ஏன் இத்தனை விசாரம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மீண்டும் வாங்கும் வசதி உள்ளவர்கள் அப்படிக் கேட்கலாம். ஒரு காரை வாங்குவதற்கு வருடக்கணக்கில் சேமித்த குடும்பம் அப்படிக் கேட்கமுடியாது. தாளின் பாதித் தடிப்பில் இருக்கும் ஒரு பூச்சு, சரியாகக் கழுவப்பட்டால் காரின் ஆயுட்காலம் வரைக்கும் நிலைக்கும். அதை வருடாவருடம் பணம் கொடுத்து அராவித் தீர்ப்பதா, வாரத்தில் அரைமணி நேரத்தையும் இரண்டு வாளிகளையும் செலவிட்டுக் காப்பாற்றுவதா என்பதை அவரவரே தீர்மானிக்கவேண்டும். நாளை காலையில் அந்த உலர்ந்த துணியைக் கையில் எடுக்காமல் விடுவதற்கு எந்தச் செலவும் இல்லை.